12 போர் தோட்டா வாங்குவது எப்படி: டெல்லியில் டிராப், ஸ்கீட் சுடும் தமிழர்களுக்கு முழு வழிகாட்டி

துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தக் கம்பெனி தோட்டா நல்லது?" அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. உங்கள் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் நீளம் என்ன, நீங்கள் சுடப்போவது டிராப்பா (விலகி ஓடும் பறக்கும் தட்டைச் சுடுவது) ஸ்கீட்டா (குறுக்கே பாயும் தட்டைச் சுடுவது), சுட்ட பிறகு வெளியே வந்து விழும் காலிக் கூடு எப்படி இருக்கிறது, இந்த மூன்றும் தெரிந்தால் கம்பெனி பெயர் கடைசியில்தான் வரும். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் அணித் தங்கம் வாங்கி, அப்புறம் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டதிலிருந்து, ஆர்.கே.புரம், மயூர் விஹார் பக்கத்துக் குடும்பங்களில் "பையனை இதில் சேர்க்கலாமா" என்று விசாரிப்பவர்கள் கண்ணில் படுகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். லைசென்ஸ் வாங்குவது எப்படி, துப்பாக்கி வாங்குவது எப்படி என்பதெல்லாம் தனிக்கதை. இங்கே பேச்சு தோட்டாவைப் பற்றி மட்டும்.

கடைக்குப் போகும் முன் துப்பாக்கியைப் படியுங்கள்

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். அறைக்குக் கீழே இருக்கும் தட்டையான இடத்தில் முத்திரைகள் இருக்கும். ஐரோப்பியத் துப்பாக்கி என்றால் 12/70 அல்லது 12/76 என்று அடித்திருப்பார்கள். முதல் எண் போர், அதாவது குழலின் உள் அகலத்தைக் குறிக்கும் எண், இரண்டாவது அறையின் நீளம், மில்லிமீட்டரில். தாத்தா காலத்து இங்கிலீஷ் இரட்டைக் குழல் என்றால் இரண்டரை அங்குலம், அதாவது 65 மி.மீ. என்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எழுத்து தேய்ந்து படிக்க முடியவில்லையென்றால் ஊகிக்காதீர்கள், துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் 70 மி.மீ. என்பது சுட்ட பிறகு, வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடித்திருப்பதால் அது கிட்டத்தட்ட 58 மி.மீ.தான் இருக்கும். அதனால் 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறையில் எந்தத் தடையும் இல்லாமல் சொகுசாகப் போய் உட்காரும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். "உள்ளே போகுது, அப்போ சரிதான்" என்று தோன்றும் இடம் இதுதான். சுட்டவுடன் மடிப்பு விரிய இடமில்லாமல் அறைக்கு முன்னால் குறுகும் பகுதிக்குள் போய் நெருக்கும், ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஈயக் குண்டுகள்) வெளியேற வழி சுருங்கும், அழுத்தம் ஏறும். ஒருமுறை சுட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது இதற்குச் சான்று அல்ல. நீண்ட அறையில் குட்டைத் தோட்டா போடலாம், குட்டை அறையில் நீண்டது கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

குழலின் மேல் சுருள் சுருளாகக் கோலம் போல ரேகை ஓடுகிறதா? அது டமாஸ்கஸ் குழல், கரிமருந்துக் காலத்துச் சரக்கு. இன்றைய தோட்டா அதற்கு ஒத்துவராது, சுவரில் மாட்டுங்கள்.

இன்னொரு ஆபத்து 20 போர் தோட்டா. வீட்டில் 12ம் 20ம் இரண்டும் இருந்தால் இரண்டையும் ஒரே பையில் வைக்கவே கூடாது. 20 போர் தோட்டாவை 12 போர் அறையில் போட்டால் அது நழுவிக் குழலுக்குள் போய் நடுவழியில் சிக்கிக்கொள்ளும், பின்னால் பார்த்தால் அறை காலியாகத் தெரியும், ஆள் இன்னொரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுடுவார், குழல் வெடிக்கும். இதைத் தடுக்கத்தான் 20 போர் கூட்டை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் அமெரிக்காவில் வந்தது. எல்லா நாட்டுக்காரர்களும் அதைப் பின்பற்றுவதில்லை, எனவே நிறத்தை நம்பாமல் அடியில் இருக்கும் எண்ணைப் படியுங்கள்.

பெட்டியில் எதைப் படிக்க வேண்டும்

போட்டிக்குச் சுடுபவர் என்றால் பாதி முடிவை விதிப்புத்தகமே எடுத்துவிடுகிறது. ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு) விதிப்படி ரவை எடை 24 கிராம், அரை கிராம் வரை கூடினால் மன்னிப்பு. ரவையின் குறுக்களவு 2.6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, அதற்கும் 0.1 மி.மீ. சலுகை உண்டு. சுட்ட கூட்டின் நீளம் 70 மி.மீ.க்குள். கரிமருந்து, டிரேசர் (போகும் வழி கண்ணுக்குத் தெரியும்படி ஒளிவிடும் தோட்டா) போன்றவை கூடாது. ரவை வழக்கத்தைவிட அதிகமாகச் சிதறும்படி உள்ளே எதையாவது மாற்றி வைத்த தோட்டாவும் கூடாது. போட்டியில் நடுவர் உங்கள் பையிலிருந்து தோட்டாவை எடுத்துச் சோதிக்கலாம், அதனால் பயிற்சிக்கு 28 கிராம், போட்டிக்கு 24 என்று பழகாதீர்கள். அடிக்கும்போது தோளும் கண்ணும் ஒரே தோட்டாவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

அடுத்தது ரவை எண். இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஏழரை என்று அமெரிக்கப் பெட்டியில் போட்டால் அது 2.4 மி.மீ.; இங்கிலீஷ் கணக்கில் அதே 2.4 மி.மீ.க்கு எண் 7, அவர்களுடைய ஏழரை 2.3 மி.மீ.தான். ஆகவே எண்ணை விடுங்கள், பெட்டியில் மில்லிமீட்டர் எங்கே போட்டிருக்கிறது என்று தேடுங்கள். நல்ல டார்கெட் தோட்டாப் பெட்டிகளில் பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

டிராப்புக்குச் சுமார் 2.4 மி.மீ., ஸ்கீட்டுக்கு 2.0 மி.மீ. ஏன் இந்த வித்தியாசம்? டிராப்பில் நீங்கள் தட்டு புறப்படும் பள்ளத்துக்கு 15 மீட்டர் பின்னால் நிற்கிறீர்கள், தட்டு உங்களை விட்டு விலகி ஓடுகிறது, 76 மீட்டர் போகும்படி விசை வைத்திருப்பார்கள். முதல் குண்டு சேரும்போதே தட்டு முப்பது, முப்பத்தைந்து மீட்டர் தள்ளிப் போயிருக்கும், இரண்டாவது இன்னும் தூரம். அவ்வளவு தூரத்தில் 110 மி.மீ. அகலமும் 105 கிராம் எடையும் உள்ள அந்தத் தட்டை உடைக்க ஒவ்வொரு ரவையிலும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். 24 கிராமில் 2.4 மி.மீ. ரவை சுமார் 300 இருக்கும். ஸ்கீட்டில் தட்டு இருபது மீட்டருக்குள்ளேயே குறுக்கே பாய்கிறது, அங்கே தெம்பைவிட எண்ணிக்கை முக்கியம், 2.0 மி.மீ. என்றால் அதே 24 கிராமில் கிட்டத்தட்ட 500 ரவை. ஸ்கீட் தோட்டாவை டிராப்பில் சுட்டால் தட்டில் தூசி பறக்கும், ஆனால் உடையாது. விதிப்படி துண்டு ஒன்றாவது கண்ணுக்குத் தெரியும்படி பிரிந்தால்தான் புள்ளி, தூசிக்குப் புள்ளி இல்லை.

வேகம் பற்றி நிறையப் பேர் தேவையில்லாமல் அலட்டிக்கொள்கிறார்கள். 24 கிராம் தோட்டாக்கள் பெரும்பாலும் விநாடிக்கு 400 மீட்டர் ஒட்டி வருகின்றன. ஒரு கம்பெனி 400 என்றும் இன்னொன்று 420 என்றும் போட்டிருந்தால் 420 நல்லது என்று அர்த்தமில்லை, ஒருவர் குழல் வாயில் அளந்திருப்பார், மற்றவர் ஒரு மீட்டர் தள்ளி அளந்திருப்பார், அந்த ஒரு மீட்டரிலேயே வேகம் குறைந்துவிடும். உண்மையிலேயே இருபது மீட்டர் கூடுதல் என்றாலும் டிராப் தூரத்தில் முன்னால் பிடிக்க வேண்டிய அளவில் ஒரு சாண்கூட வித்தியாசம் வராது. தோளில் உதை மட்டும் கூடும். கிளம்பும் அதிர்ச்சியில் மென்மையான ஈய ரவை நசுங்கவும் செய்யும், நசுங்கிய ரவை நேராகப் போகாது.

இதனால்தான் ரவையின் கடினம் வேகத்தைவிட முக்கியம். ஈயத்தில் ஆன்டிமனி கலந்தால் கடினமாகும். விலை கூடிய டார்கெட் தோட்டாக்களில் சுமார் 3 முதல் 5 சதவீதம் கலப்பார்கள். பெட்டியில் இந்தச் சதவீதம் போட்டிருந்தால் அதைப் பார்த்துக் காசு கொடுங்கள். ஸ்கீட்டுக்கு இது அவ்வளவு முக்கியமில்லை, மலிவு ரவையே போதும். டிராப்பில், அதுவும் இரண்டாவது குண்டுக்கு, நன்றாகவே தெரியும்.

கூடு: யாரும் பார்க்காத பகுதி

ரேஞ்சில் வேலை செய்பவர்கள் காலித் தோட்டாவைக் கோக்கா என்பார்கள். சுட்டவுடன் மிதித்துவிட்டுப் போகும் அந்தச் சாமானில்தான் தோட்டாவின் தரம் எழுதியிருக்கிறது.

கூட்டில் மூன்று பகுதி. மேலே பிளாஸ்டிக் குழாய், அடியில் உலோகத் தலை, தலைக்குள்ளே குழாயின் அடியை அடைத்து நிற்கும் அடிக்கட்டை. பழைய காலத்தில் குழாய் காகிதம். 1960ல் ரெமிங்டன் பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தது, அதற்கப்புறம் காகிதம் மெல்ல ஒதுங்கியது. உலோகத் தலையின் உயரத்தைப் பார்த்துப் பவர் அதிகம் என்று நினைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது, கடைக்காரர்களே சொல்வார்கள். காகிதக் கூட்டுக் காலத்தில் அதில் கொஞ்சம் அர்த்தம் இருந்தது. இப்போது 8 மி.மீ. தலையோ 20 மி.மீ. தலையோ, உள்ளே என்ன நிரப்பியிருக்கிறார்கள் என்பதுதான் பேச்சு. உயரமான தலை பெரும்பாலும் கண்ணுக்கு அழகு.

தலை என்ன உலோகம் என்பது மட்டும் உண்மையிலேயே பார்க்க வேண்டிய விஷயம். பித்தளை மாதிரி மின்னுவதெல்லாம் பித்தளை இல்லை, பித்தளை முலாம் பூசிய எஃகுதான் இன்று அதிகம். காந்தத்தைக் காட்டுங்கள், ஒட்டினால் எஃகு. எஃகு கெட்டது என்று சொல்லவில்லை. பித்தளை சுடும்போது விரிந்து மறுபடி சுருங்கிக்கொடுக்கும், எஃகு அவ்வளவு சுருங்காது. அதனால் அறை கரடுமுரடாக, துரு ஏறி இருந்தால் எஃகுத் தலைக் கூடு சிக்கிக்கொண்டு வெளியே வர அடம்பிடிக்கும். மேலும் கீழும் குழல் உள்ள துப்பாக்கியில் கையால் இழுத்துவிடலாம், தானியங்கியில் மாட்டினால் அன்றைய ரவுண்ட் போச்சு. தானியங்கி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: சில துப்பாக்கிகள் 24 கிராமின் மெல்லிய உதையில் கூட்டை வெளியே தள்ளாது, ஒரு பெட்டி சுட்டுப் பார்க்காமல் கேஸ் கணக்கில் வாங்காதீர்கள்.

வாய் மடிப்பில் ஆறு மடிப்பும் உண்டு எட்டு மடிப்பும் உண்டு. சின்ன ரவைக்கு எட்டு, பெரிய ரவைக்கு ஆறு என்பது பொது வழக்கம். மடிப்பின் எண்ணிக்கையைவிட நடுப்புள்ளியைப் பாருங்கள், அது இறுக மூடியிருக்க வேண்டும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

உள்நாட்டில் கிடைப்பது பெரும்பாலும் ஷக்திமான் பெயரில் வரும் அரசுத் தோட்டா. புனே அருகே கட்கியில், 1869ல் தொடங்கிய ஆலை செய்வது. 2021 அக்டோபரில் ஆர்டனன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது அது மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ் வந்தது. இறக்குமதிச் சரக்கு, இத்தாலிய ஃபியோக்கி, செட்டைட் வகையறா, இங்கிலாந்தின் ஈலி, ஸ்பெயினின் ரியோ, கிடைக்கும்போது கிடைக்கும். தேர்ச்சி பெற்ற வீரர்களுக்கு இறக்குமதியில் சலுகை உண்டு, அதற்கு என்.ஆர்.ஏ.ஐ. (இந்திய தேசிய ரைபிள் சங்கம்) வழியாகத்தான் போக வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர் அதைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டாம்.

லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துப் போங்கள், வாங்கியதைக் கடைக்காரர் அதில் பதிய வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை என்று உங்கள் லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் எல்லை. டிராப் ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு குண்டு அனுமதி, ஆக மோசமான நாளில் ஒரு ரவுண்டுக்கே 50 வரை கரையும். தகுதிச் சுற்று 125 தட்டு. இதைக் கணக்குப் போட்டுத்தான் லைசென்ஸில் எண்ணிக்கை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், பிறகு மாற்றுவது அலைச்சல்.

பெட்டியைத் திறந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். பிரைமர் (அடியில் நடுவே இருக்கும், ஊசி பட்டால் மருந்தைப் பற்றவைக்கும் மூடி) அடிப்பரப்போடு சமமாக அல்லது நூலிழை உள்ளடங்கி இருக்க வேண்டும், வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அந்தத் தோட்டா வேண்டாம், துப்பாக்கியை மூடும்போதே வெடிக்கக்கூடிய சாமான் அது. தலையில் துரு, பச்சை பூத்தது, பிளாஸ்டிக்கில் வெடிப்பு, மடிப்பு நடுவில் ஓட்டை வழியாக ரவை எட்டிப் பார்ப்பது, எதுவாக இருந்தாலும் பெட்டியையே திருப்பிக் கொடுங்கள். இரண்டு மூன்று பெட்டிகளின் லாட் எண்ணை, அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்ணை, ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் லாட் வேறு என்றால் மருந்து கொஞ்சம் மாறியிருக்கலாம், உதை மாறும். பழைய டெல்லிக் கடைகளில் அலமாரியின் பின்னாலிருந்து தூசி தட்டிக் கொடுக்கும் மலிவுப் பெட்டி எந்த மழைக்காலத்தையெல்லாம் பார்த்ததோ தெரியாது. எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை.

சுட்டுப் பார்ப்பது

இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் பேட்டர்ன், அதாவது ரவை எப்படி விரிந்து விழுகிறது என்பது. ரேஞ்ச் அதிகாரியிடம் அனுமதி கேட்டு, நாலடிக்கு நாலடி காகிதத்தை நிறுத்தி, டிராப் என்றால் 35 மீட்டரில், ஸ்கீட் என்றால் 20 மீட்டரில் சுடுங்கள். ரவை அடர்த்தியாக விழுந்த இடத்தை நடுவாக வைத்து 75 செ.மீ. வட்டம் போட்டு, உள்ளே எத்தனை ஓட்டை என்று எண்ணுங்கள். ஒரு தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள், வகைக்கு ஐந்தாவது வேண்டும். எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், தட்டு அகலத்துக்கு ஒரு அட்டையை வெட்டி வட்டத்துக்குள் நகர்த்திப் பாருங்கள். ரவையே படாத வெற்றிடங்களில் அந்த அட்டை முழுசாக உட்காருகிறது என்றால் நீங்கள் சரியாகப் பிடித்தும் தட்டு தப்பும். இதற்குத் தோட்டாவை மாற்றலாம், சோக்கையும் (ரவையைக் குவிக்கும் குழல்வாய்க் குறுக்கம்) மாற்றலாம்; சோக்கை மாற்றுவது மலிவு.

அடுத்து கோக்காவைப் பொறுக்குங்கள். சுட்ட பத்துப் பதினைந்து கூடுகளை வரிசையாக நிற்க வைத்துப் பாருங்கள். பிரைமரில் ஊசி பட்ட குழி நடுவில், சீராக, ஓட்டை விழாமல் இருக்க வேண்டும். பிரைமரைச் சுற்றிக் கரி வளையம் இருந்தால் காற்று பின்பக்கம் கசிகிறது. உலோகத் தலையும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில் ஊசிமுனை ஓட்டைகள், தலைப்பகுதி ஒரு பக்கம் உப்பியிருப்பது, குழாய் நீளவாக்கில் கிழிந்திருப்பது, இதெல்லாம் ஒரு கூட்டில் இருந்தால் கவனம், பல கூடுகளில் இருந்தால் அந்த லாட்டைச் சுடுவதை நிறுத்துங்கள். எல்லாக் கம்பெனித் தோட்டாவிலும் அதே பக்கம்தான் உப்புகிறது என்றால் குறை தோட்டாவில் இல்லை, உங்கள் துப்பாக்கியின் அறையில். மடிப்பு நுனி கருகிச் சிதைந்து, உள்ளிருந்து மஞ்சளாக எரியாத மருந்துத் துகள் உதிர்ந்தால் மருந்து சரியாக எரியவில்லை. டெல்லி ஜனவரிக் காலையில் சில தோட்டாக்கள் இப்படிச் செய்யும், மே மாதத்தில் அதே பெட்டி நன்றாக இருக்கும். வாங்குவது குளிர்காலத்துக்கா கோடைக்கா என்று யோசித்து வாங்குவதற்கு இதுவே காரணம்.

சத்தம் கேட்டுக்கொண்டே இருங்கள். டமால் என்பதற்குப் பதில் புஸ் என்று மந்தமாகக் கேட்டால், அடுத்ததைப் போடவே கூடாது. துப்பாக்கியைத் திறந்து, கூட்டை எடுத்து, குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வாட் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) நடுக்குழலில் சிக்கியிருக்கும், அதன் மேல் இன்னொன்று சுட்டால் குழல் பிளக்கும். பயிற்சி நடக்கும்போது பின்னால் வரிசையில் நிற்கிறார்களே என்று அவசரப்பட்டு இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். சுட்டும் வெடிக்கவில்லை என்றால் குழலைத் தட்டு பறக்கும் திசையிலேயே வைத்து ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுத் திறக்க வேண்டும், சில சமயம் பிரைமர் தாமதமாகப் பிடிக்கும்.

"காலிக் கூட்டை மறுபடி நிரப்பினால் மிச்சமாகுமே?"

டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் செய்கிறான், நியூ ஜெர்சியில் சித்தப்பா பையன் செய்கிறான், நாம் ஏன் செய்யக் கூடாது என்று கேட்பவர்கள் நிறைய. இங்கே முடியாது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் பிரிவு 5 துப்பாக்கியைப் போலவே தோட்டா உற்பத்திக்கும் தனி லைசென்ஸ் கேட்கிறது. உங்களிடம் இருப்பது வைத்திருக்கவும் சுடவும் கொடுத்த லைசென்ஸ், செய்வதற்கு அல்ல. தோட்டா என்பதன் வரையறையில் தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரமும் அடக்கம். 2019 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 25ன் கீழ் அனுமதியில்லாத உற்பத்திக்குக் குறைந்தது ஏழு வருடம், மேலே ஆயுள் வரை. பெட்டிக்கு நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அமெரிக்காவில் இது சட்டப்படி நடக்கும் சாதாரணப் பொழுதுபோக்கு. வேலைக்காக அங்கே போகிறவர்கள் ரேஞ்சில் கூடு பொறுக்கும்போது எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்பதால், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் விதி, உங்கள் கண் முன்னால் சுட்ட கூடு, அல்லது ஒரே ஒரு முறை சுட்டது என்று உறுதியாகத் தெரிந்த கூடு. தரையில் கிடப்பதையெல்லாம் அள்ளினால் யார் எத்தனை முறை நிரப்பியது என்று தெரியாது. அடுத்தது கம்பெனி வாரியாக மட்டும் இல்லாமல் வகை வாரியாகவும் பிரிக்க வேண்டும். வெளியே 12 போர், 70 மி.மீ. என்று ஒரே மாதிரி இருந்தாலும் உட்புறம் வேறு. சில கூடுகள் ஒரே துண்டாக அழுத்தி வார்த்தவை, உட்சுவர் அடியில் தடித்துக் குறுகும், ரெமிங்டன் எஸ்.டி.எஸ். அப்படி. ஐரோப்பியக் கூடுகள் பல நேர்க்குழாயும் தனி அடிக்கட்டையுமாக இருக்கும், உள்ளே இடம் அதிகம். வின்செஸ்டர் ஏ.ஏ. நீண்ட காலம் ஒரே துண்டாக இருந்து பிறகு இரண்டு துண்டாக மாறியது, அதனால் பழைய ஏ.ஏ.யையும் புதிய ஏ.ஏ.யையும்கூட ஒரே குவியலில் போடக் கூடாது. உள்ளே இடம் மாறினால் அதே மருந்துக்கு அழுத்தம் மாறும். தோட்டா நிரப்பும் கையேட்டில் ஒவ்வொரு கூட்டுக்கும் தனித்தனியாக மருந்து, பிரைமர், வாட், ரவை எடை எல்லாம் அச்சிட்டிருப்பது அதற்காகத்தான். அதில் ஒன்றைக்கூட "இதுவும் அது மாதிரிதானே" என்று மாற்றக் கூடாது. அங்கே நிரப்புபவர்கள் சந்தேகமான கூட்டைக் கஞ்சத்தனம் பண்ணாமல் தூக்கிப் போடுவதும் அதனால்தான்.

பொறுக்கியதை டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தனி அடிக்கட்டை உள்ள கூட்டில் அது தளர்ந்து எழும்பியிருந்தால் குப்பைக்கு, சுடும்போது கழன்று குழலில் தங்கிவிடும். மழையில் நனைந்தது, எஃகுத் தலையில் துரு பிடித்தது, யாரோ மிதித்து வாய் கோணியது வேண்டாம். விரலால் மடிப்பை நீவிப் பார்த்தால் மடிப்புக் கோட்டில் வெடிப்பு தெரியும், வெடித்தால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது. பிரைமர் குழியும் முக்கியம்: ஐரோப்பிய செட்டைட், ஃபியோக்கி பிரைமர்கள் அமெரிக்க 209 பிரைமரைவிட ஒரு நூல் பெரியவை, அந்தக் கூடுகளில் அமெரிக்க பிரைமர் லூசாக உட்காரும், சில சமயம் தானாகவே விழும். இதனால்தான் அங்கே பழகியவர்கள் ஏதோ ஒரு நல்ல டார்கெட் கூட்டைத் தேர்ந்துகொண்டு, புதுத் தோட்டாவையும் அந்த வகையிலேயே வாங்கிச் சுட்டு, கூட்டைச் சேர்த்து வைக்கிறார்கள். பத்து வகைக் கூடு வைத்திருப்பவருக்குப் பத்துக் கணக்கு, பத்து முறை இயந்திரத்தைத் திருகி மாற்ற வேண்டும்.

வைப்பதும் கொண்டு போவதும்

டெல்லி மே மாத வெயிலில் காரின் டிக்கியில் தோட்டாவை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். சூடேறிய மருந்தில் அழுத்தம் கூடும், நீண்ட நாள் சூடு பட்டால் மருந்தே கெடும். வீட்டில் சமையலறை, குளியலறைச் சுவர், ஏசி நீர் கசியும் மூலை இதெல்லாம் விட்டு, பூட்டிய அலமாரியில் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், துப்பாக்கியைத் தனியாகப் பூட்டுங்கள். ஆகஸ்டில் பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போட்டால் தலையில் துரு வராது. பழையதை முதலில் சுடுங்கள்.

ஊரில் போட்டிக்குப் போகிறவர்கள் லைசென்ஸ் எந்த மாநிலம் வரை செல்லும் என்று முதலில் பாருங்கள், டெல்லியில் கொடுத்தது தமிழ்நாட்டில் செல்லாமல் போகலாம். விமானத்தில் தோட்டாவைக் கைப்பையில் கொண்டு போக முடியாது. முன்கூட்டியே ஏர்லைனுக்குச் சொல்லி, கவுன்ட்டரில் அறிவித்து, செக்-இன் பையில்தான் போட வேண்டும். ஆளுக்கு 5 கிலோ என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து விதி. 24 கிராம் தோட்டா ஒன்று முழுசாகக் கிட்டத்தட்ட 37 கிராம் இருக்கும், 25 போட்ட பெட்டி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஆக ஐந்து பெட்டிதான் போகும். மீதியைப் போகிற ஊரில் வாங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அங்கே கிடைக்கும் வகை எது என்று முன்பே கேட்டு ஒரு வாரமாவது அதையே இங்கே சுட்டுப் பழகிவிட்டுப் போவது நல்லது.

அப்புறம், சுடும்போது போடும் வெஸ்டை எந்தப் பயணத்துக்கும் அப்படியே மடித்துப் பையில் வைக்காதீர்கள். எல்லாப் பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் ஒரு தோட்டா தங்கியிருந்தால் விமான நிலைய ஸ்கேனரில் அது தெரியாமல் போகாது, காலிக் கோக்கா என்றாலும் சி.ஐ.எஸ்.எஃப். ஆட்கள் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், விமானம் அதற்குள் போய்விடும். குழந்தைகள் விளையாட எடுத்து வைத்த காலிக் கூடு பள்ளிப் பையில் இல்லையா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோக்காவை ரேஞ்சிலேயே டப்பாவில் போட்டுவிட்டு வருவதுதான் சுலபம்.